தாய்ப்பத்திரம் கேட்கும் பாடங்கள்

திண்டுக்கல்
14.7.2025

அன்புத் தங்கை இசைவாணிக்கு அண்ணன் மதியழகன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணி மகேஸ்வரியும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல் தன் வேலையைக் காட்டுகிறது. கோயம்புத்தூர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? சளி பிடித்ததா?

ஞாயிற்றுக்கிழமை விடுதியில் தருகிற பத்து நிமிட ஃபோனை அம்மாவே தின்றுவிடுகிறார். "என்ன வெஞ்சனம், கூட்டா பொரியலா, எம்புட்டுச் சோறு போடுறாக, தட்டு யாரு கழுவுறது" என்று கேட்டு முடிப்பதற்குள் வார்டன் ஃபோனை வாங்கிவிடுகிறார். எனக்குக் கிடைப்பது "வச்சிர்றேண்ணே" மட்டும்தான். ஆனாலும் முதல் வருஷப் பிள்ளைகளுக்குக் கைப்பேசி கிடையாது என்று அவர்கள் சட்டம் போட்டதில் எனக்கு வருத்தமில்லை. பதினைந்து வருஷமாகப் பதிவு அலுவலக வாசலில் பத்திரம் எழுதுகிறேன். எழுத்தில் இல்லாததை நான் நம்புவதில்லை. ஆகையால் இனிமேல் நமக்குள் கடிதம்தான்.

உன் கல்லூரிக் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். அதை எழுதியவர் யாரோ நம் தொழில் தெரிந்தவர். ஒரு பாடத்தை எடுக்க வேண்டுமென்றால் அதற்கு முந்தைய பாடத்தில் தேறியிருக்க வேண்டுமாம். 'ப்ரீரிக்விசிட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இது அப்படியே நம் தாய்ப்பத்திரம்! பழைய பத்திரத்தைக் காட்டாமல் எவனாவது நிலத்தை விற்க முடியுமா?

ஆறு செமஸ்டருக்கும் திட்டம் போட்டுவிட்டேன். இரண்டாம் செமஸ்டரில் உன் விருப்பத்துக்கென்று ஒரே ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். அதில் வணிகச் சட்டம் போடு. அது இருந்தால் மூன்றாவதில் கம்பெனிச் சட்டம். அதுவும் இருந்தால் ஐந்தாவதில் வரிச் சட்டம். வில்லங்கமே இல்லாத வழி. முடித்ததும் நேரே நம் ஆபீஸ், எனக்கு எதிர் நாற்காலி.

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கவும்.
மதியழகன்

*

கோயம்புத்தூர்
24.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு இசைவாணி வணக்கத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். அம்மா, அண்ணி, முழங்கால் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும். தண்ணீர் ஒத்துக்கொண்டது, சாம்பார்தான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த ஊரில் சாம்பாருக்குள் எதையோ இனிப்பாகப் போடுகிறார்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், பொடி அரைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்.

உங்கள் கடிதத்தை அறைத்தோழி ஜீவிதாவுக்குப் படித்துக் காட்டினேன். சீனியர் அக்காக்கள் மூன்று பேர் அதைக் கேட்டுவிட்டு, "ப்ரீரிக்விசிட்னா என்னன்னு இன்னைக்குத்தான் புரிஞ்சுது" என்றார்கள். இப்போது எங்கள் மாடியில் எல்லாரும் அதைத் தாய்ப்பத்திரம் என்றே சொல்கிறார்கள். உங்கள் புகழ் பரவிவிட்டது.

மேலாண்மைக் கோட்பாடுகள் எடுக்கிற மேடம் நன்றாக நடத்துகிறார். நிதிக் கணக்கியலில் முதல் தேர்வில் நாற்பதுக்கு முப்பத்தாறு. தமிழ் வகுப்பில் தூக்கம் வருகிறது, ஆங்கில வகுப்பில் பயம் வருகிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருக்கிறது. அண்ணியின் புதுப் புடவை என்ன நிறம்?

எல்லாம் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.
உங்கள் தங்கை
இசைவாணி

*

திண்டுக்கல்
8.8.2025

அன்புத் தங்கைக்கு, அனைவரும் நலம். உன் நலம் பற்றி எழுதியது கண்டு மகிழ்ச்சி. அண்ணியின் புடவை மாம்பழ நிறம்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வேப்பமரம் இருக்கிறது, சாம்பார் இருக்கிறது. வணிகச் சட்டம் இல்லை. ஒரு கிரயப் பத்திரத்தில் சர்வே எண்ணை விட்டுவிட்டு மரம் மட்டைகளை எல்லாம் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கைத்தவறு என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த கடிதத்தில் நிவர்த்தி செய்யவும்.

இங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். "என் தங்கச்சி பி.பி.ஏ. முடிச்சிட்டு நம்ம ஆபீசுக்கு வருது" என்றால், எதிர்க்கடை மன்சூர் பாய்கூட, "அப்ப நாங்கள்லாம் கடையச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்" என்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மதியழகன்

*

கோயம்புத்தூர்
28.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு, எல்லாரும் நலந்தானே? நானும் நலம். ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பரீட்சை, காய்ச்சல், அப்புறம் மறுபடியும் பரீட்சை. காய்ச்சல் போய்விட்டது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

போன வாரம் ஒரு குளிர்பதனக் கிடங்குக்குக் கூட்டிப் போனார்கள். உள்ளே பூப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. எந்தப் பெட்டி எத்தனை மணிக்குக் கிளம்பினால் எந்த ஊரில் எந்தப் பதத்தில் இறங்கும் என்று அங்கே ஓர் அக்கா திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு மல்லிகை போடுகிற நம் ஒச்சாயி அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

போன பங்குனியில் நிலக்கோட்டையிலிருந்து கிளம்பிய பூ வேன் வழியில் படுத்துவிட்டதே, நினைவிருக்கிறதா? மொட்டாக ஏற்றிய மல்லிகை பழுப்பாக வீட்டுக்கே திரும்பி வந்தது. அத்தை அத்தனையையும் ஆட்டுக்கு முன்னால் கொட்டிவிட்டு, "அதாச்சும் திங்கட்டும்" என்றார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதைத் தடுக்க ஒரு படிப்பு இருக்கிறது அண்ணே! ஐந்தாம் செமஸ்டரில் வருகிறது, சரக்குப் போக்குவரத்து மேலாண்மை. அதற்கும் ஒரு தாய்ப்பத்திரம் உண்டு. இரண்டாம் செமஸ்டரில் வணிகப் புள்ளியியல் எடுத்திருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறைதான் நடத்துகிறார்கள், அறுபது இடம். விட்டால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

சும்மா தகவலுக்காக எழுதினேன்.
இசைவாணி

*

திண்டுக்கல்
6.10.2025

அன்புத் தங்கைக்கு, யாவரும் சுகம். காய்ச்சல் விஷயத்தை அம்மாவிடம் சொல்லவில்லை. கடிதத்தை அவரே எடுத்துப் படித்துவிட்டார். சுக்குப் பொடி பார்சலில் வருகிறது.

ஒச்சாயி அத்தை விஷயம் வருத்தத்துக்குரியதுதான். புள்ளியியல் பற்றிய தகவலுக்கு நன்றி. தகவலாகவே வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் செமஸ்டர் பதிவு எந்தத் தேதி என்று உடனே எழுது. பதிவு என்று வந்துவிட்டால் அது என் இலாகா.

மதியழகன்

*

கோயம்புத்தூர்
12.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். நலம், நலமே விழைகிறேன். சுக்குப் பொடியைப் பார்த்தே காய்ச்சல் பயந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லவும்.

பதிவு வருகிற 21-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை சரியாகப் பத்தரைக்குத் திறக்கிறது. கம்ப்யூட்டர் அறையில் உட்காரவைத்து, எங்கள் கைப்பேசிகளை அன்றைக்கு மட்டும் கொடுப்பார்கள். நான் பாடங்களைத் தேர்ந்தெடுத்ததும் உங்கள் ஃபோனுக்கு ஆறு இலக்கத்தில் ஓ.டி.பி. வரும். பாதுகாவலர் என்று உங்கள் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறோம். அந்த எண் ஐந்தே நிமிஷம்தான் உயிரோடு இருக்கும். நான் கூப்பிட்டதும் எடுத்து, எண்ணைச் சொன்னால் போதும். வேறு எதுவும் வேண்டாம்.

சீனியர் அக்காக்கள் சொல்கிறார்கள், பத்து நிமிஷத்தில் நல்ல பாடங்கள் எல்லாம் நிரம்பிவிடுமாம். தயவுசெய்து ஃபோனைக் கையிலேயே வைத்திருங்கள். காலியாக இருக்கும் அந்த ஓர் இடத்தில் எதைப் போட வேண்டுமோ அதை நான் போட்டுக்கொள்கிறேன்.

மறக்காதீர்கள் அண்ணே. பத்தரை.
இசைவாணி

*

திண்டுக்கல்
22.11.2025

அன்புத் தங்கைக்கு, இங்கு எல்லாரும் நலம். நீயும் நலமாகவும் கோபமில்லாமலும் இருப்பாய் என்று நம்புகிறேன்.

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்கே ஃபோனுக்கு முழுச் சார்ஜ் ஏற்றி மேசையில் வைத்துவிட்டேன். பத்தரைக்கு நீ கூப்பிட்டாய். அப்போதுதான் பஞ்சாங்கம் கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். நீ தேதி எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. பதினைந்து வருஷத்தில் ஒரு பத்திரத்தையும் நான் ராகு காலத்தில் பதிவுக்குக் கொடுத்ததில்லை. ஊரான் காலி மனைக்கே அவ்வளவு பார்க்கிறவன், உன் படிப்பை அந்த நேரத்தில் எப்படிப் பதிவேன்?

நீ பதினேழு முறை கூப்பிட்டாய். எண்ணினேன். பத்திரம் பதிய வந்திருந்த சூசை, "எடுங்கண்ணே, பிள்ள கூப்புடுதுல்ல" என்றார். "உங்களுக்கென்ன, நீங்க சர்ச்சுக்குப் போறவுக, உங்களுக்கு ராகு காலம் கிடையாது" என்றேன். "கிடையாதுதான். ஆனாலும் என் பத்திரத்தப் பன்னெண்டு அஞ்சுக்குக் குடுங்க, எதுக்கு வம்பு" என்றார்.

ஓ.டி.பி. மூன்று முறை வந்தது, மூன்றாவது சரியாகப் பன்னிரண்டுக்கு. முதலில் வந்ததைக் கூட்டிப் பார்த்தேன், எட்டு வந்தது. எட்டும் ஆகாது. பன்னிரண்டு மணி ஒரு நிமிஷத்துக்கு நானே உன்னைக் கூப்பிட்டு, கடைசியாக வந்ததைத் தெளிவாக இரண்டு முறை வாசித்தேன். நீ "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய்.

பதிவு ஆகிவிட்டதல்லவா?
மதியழகன்

*

கோயம்புத்தூர்
28.11.2025

அண்ணனுக்கு,

நலம். அனைவர் நலமும் அறிய ஆவல்.

பதிவு ஆகிவிட்டது. பன்னிரண்டு மணிக்குப் புள்ளியியல் இல்லை. வணிகச் சட்டமும் இல்லை. மீதி இருந்தது ஒரே ஒரு பாடம். அதன் பெயர் 'பணியிட மன அமைதியும் மூச்சுப் பயிற்சியும்'. வாரம் மூன்று மணி நேரம். பாய் நாமே கொண்டுவர வேண்டும்.

நல்ல நேரத்தில் பதிவு செய்தமைக்கு நன்றி.

இப்படிக்கு,
க. இசைவாணி
சேர்க்கை எண் 25பிபிஏ117

*

திண்டுக்கல்
4.12.2025

அன்புள்ள வாணிக்கு அண்ணி எழுதுறது. நாங்க நல்லா இருக்கோம். நீ சாப்பிடுறியா, தூங்குறியா? நான் எழுதுறது உங்க அண்ணனுக்குத் தெரியாது. எனக்கு உங்க ரெண்டு பேரு மாதிரி எழுத வராது, பேசுற மாதிரியே எழுதுறேன்.

உன் கடுதாசி வந்த அன்னைக்கு உங்க அண்ணன் அத வாசிச்சிட்டு மடிச்சு வச்சாரு. மறுபடி எடுத்தாரு. "சேர்க்கை எண் போட்டிருக்கா மகேசு, எனக்கே சேர்க்கை எண் போட்டிருக்கா" அப்படின்னாரு. அன்னைக்கு டீயோட சரி. மறுநா ஆபீசுக்குப் போயி சூசையண்ணனோட இன்னொரு பத்திரத்துல வடக்கத் தெக்குன்னு எழுதிட்டாரு. அவரு தோட்டத்துக்கு நடுவுல ரோடு போயிருச்சு. நல்லவேளை, கையெழுத்துப் போடுமுன்ன பார்த்துட்டாக.

இன்னொண்ணு. ஐப்பசியிலயே ஒரு போர்டு எழுதி வாங்கிட்டு வந்துட்டாரு. 'மதியழகன் – இசைவாணி, பத்திர எழுத்தர்கள்.' உன் பேருக்குச் செவப்பு கலரு. உனக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டு பீரோவுக்குப் பின்னால வச்சிருக்காரு. அம்புட்டு ஆச. மாமா, அதான் உங்க அப்பா, தவறுனப்ப உனக்கு ஆறு வயசு. அன்னையிலருந்து நீ அவருக்குத் தங்கச்சி இல்ல, மக. ஆனா உனக்கு அங்க வந்து உக்கார இஷ்டமில்லன்னு எனக்கு எப்பவோ தெரியும். பூவப் பத்தி நீ எழுதுனதப் படிச்சேன்ல.

நீ சும்மா தகவலு, கிகவலுன்னு சுத்தி வளைக்காத. உங்க அண்ணனுக்கு அது புரியாது. அம்புட்டையும் நேரா, எழுத்துல போட்டுரு. அழுவாரு. அழட்டும், செத்த நேரத்துல சரியாப் போகும்.

உடம்பப் பாத்துக்க.
அண்ணி மகேஸ்வரி

*

கோயம்புத்தூர்
9.12.2025

அன்புள்ள அண்ணனுக்கு, நீங்கள் நலமாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். போன கடிதத்தில் சேர்க்கை எண் போட்டதற்கு என்னை மன்னித்துவிடுங்கள். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. தபாலில் போட்ட பிறகு அழுதேன்.

ஜூலையிலேயே எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். நான் ஆபீசுக்கு வரமாட்டேன் அண்ணே. பத்திரம் எழுதுவது கேவலம் என்பதால் இல்லை. அந்த எழுத்தில்தான் நீங்கள் என்னை வளர்த்தீர்கள், எனக்குத் தெரியும். எனக்குப் பூப்பெட்டிகளோடு போக வேண்டும். அவை எங்கே நிற்கின்றன, ஏன் நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். எந்த ஊரில் வேலை கிடைக்குமோ அந்த ஊருக்குப் போவேன். அது திண்டுக்கல்லாக இருக்காது.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் பத்தரைக்கே ஓ.டி.பி.யைச் சொல்லியிருந்தால், உங்களிடம் சொல்லாமலே நான் புள்ளியியலைப் பதிந்திருப்பேன். 'எதைப் போட வேண்டுமோ அதை நான் போட்டுக்கொள்கிறேன்' என்று எழுதியது அதற்காகத்தான். நீங்கள் என்னை ஏமாற்றவில்லை. நான்தான் உங்களை ஏமாற்றப் பார்த்தேன்.

இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. புள்ளியியலில் இருந்த ஒரு பெண் பி.காம். போய்விட்டாள். ஓர் இடம் காலி. வருகிற 19-ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள், பாதுகாவலர் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தை யார் முதலில் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு. படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். என்ன பாடம் என்று அதில் என் கையால் எழுதியிருக்கிறேன், மறைக்கவில்லை. விருப்பமில்லை என்றால் கையெழுத்துப் போட வேண்டாம். நான் மூச்சுப் பயிற்சி செய்துகொள்கிறேன். கோபப்பட மாட்டேன் என்று மட்டும் சொல்ல முடியாது.

உங்கள் தங்கை
இசைவாணி

*

திண்டுக்கல்
15.12.2025, திங்கட்கிழமை

அன்புத் தங்கைக்கு, இங்கு எல்லாரும் நலம். நான் சாப்பிடுகிறேன். கல்லூரிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். அதில் பாதுகாவலர் எழுத இரண்டே வரிதான் விட்டிருக்கிறார்கள், எனக்குப் போதவில்லை. ஆகையால் கீழ்க்கண்டது. கூரியர்காரர் எட்டரைக்கு வருகிறார், இன்று திங்கள், ஏழரை முதல் ஒன்பது ராகு காலம். பரவாயில்லை, எழுதுகிறேன்.

விடுதலைப் பத்திரம்

அமரர் கருப்பணன் அவர்களின் மகளும், கோயம்புத்தூர் மகளிர் விடுதியில் வசித்து வருபவருமான இசைவாணி ஆகிய தங்களுக்கு, மேற்படி கருப்பணன் அவர்களின் மகனும், திண்டுக்கல்லில் வசித்து வருபவருமான மதியழகன் ஆகிய நான், என் முழு மனதுடனும், நல்ல நினைவுடனும், பிறர் தூண்டுதல் ஏதுமின்றியும் (மகேஸ்வரி நீங்கலாக) எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் என்னவென்றால்:

தங்கள் படிப்பு, பாடத் தேர்வு, வேலை ஆகியவை எனக்குப் பாத்தியப்பட்டவை என்று இதுநாள்வரை எண்ணி அனுபவித்து வந்தேன். அவற்றுக்கான மூல ஆதாரத்தைத் தேடிப் பார்த்ததில், என் பேரில் தாய்ப்பத்திரம் ஏதும் இல்லை என்று தெரியவருகிறது. அப்பா அப்படி எதையும் எனக்கு எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான். ஆகவே மேற்படி உரிமை அனைத்தையும் இன்று தங்களுக்கே விட்டுக் கொடுத்துவிட்டேன். இதற்குப் பிரதிபலன் ஏதும் பெறவில்லை. இனித் தாங்களே அவற்றைத் தங்கள் இஷ்டப்படி சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இதில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பின்தொடர்ச்சியும் கிடையாது.

சொத்து விவரம்: தமிழ் வகுப்புக்குத் தெற்கு, ஆங்கில வகுப்புக்கு வடக்கு, இனிப்புச் சாம்பாருக்குக் கிழக்கு, வேப்பமரத்துக்கு மேற்கு. இந்த நான்கெல்லைக்குள் அடங்கிய மீதி செமஸ்டர் ஐந்தும், அதற்குப் பிறகுள்ள காலம் முழுவதும்.

சாட்சிகள்:
1. மகேஸ்வரி
2. மாயம்மாள், தாயார் (என்ன வெஞ்சனம் என்று கேட்டு எழுதச் சொன்னார்)

பத்திரத்தில் எதையாவது அடித்தால் அதைக் கடைசியில் ஒப்புக்கொண்டு எழுதிவிட வேண்டும் என்பது எங்கள் தொழில் ஒழுங்கு. ஆகையால் எழுதுகிறேன்.

அடித்தல் ஒன்று: 'யாதொரு பின்தொடர்ச்சியும் கிடையாது' என்பதற்கு அடுத்தபடியாக, 'படிப்பு முடிந்ததும் ஊருக்கே வந்துவிடு' என்று எழுதியிருந்த நான்கு சொற்கள் அடிக்கப்பட்டன. அடித்தது நான்தான்.

மதியழகன்